புதன்கிழமை அறையைப் பூட்டியவர்களுக்கு

சேலத்தில் எனக்கு மார்பக அறுவை செய்த மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும், அந்தப் பிரிவின் மருத்துவர்களுக்கும்,

மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அங்கே என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் தெரியும், அது போதும்.

போன மாதம் ஆறு மாதப் பரிசோதனைக்கு வந்திருந்தேன். அதை முடித்துவிட்டு வழக்கம்போல் மாடிக் கடைசி அறைக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. கதவில் ஒரு தாள்: 'மார்பக அறுவை நோயாளிகளுக்கான புதன்கிழமை தோள் பயிற்சி நிறுத்தப்படுகிறது. பயிற்சித் தாளை வரவேற்பில் பெற்றுக்கொள்ளவும்.' ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அந்தச் சுவரில்தான் நாங்கள் விரலால் படிப்படியாக ஏறுவோம், எட்டிய உயரத்தில் பிசியோ தங்கச்சி ஒவ்வொருத்தருக்கும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பாள். அந்தக் கோடுகள் எதுவும் தெரியாதபடி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தீர்கள். வரவேற்பில் போய்க் கேட்டேன். 'ஆள் பத்தலைங்கக்கா, அந்த மேடத்தை எலும்பு வார்டுக்கு மாத்திட்டாங்க, இதுல எல்லாம் இருக்கு, வீட்டுலயே பண்ணிக்குங்க' என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள்.

அந்தத் தாளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். ஒன்றரை ஏக்கர் காப்பி, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், அதில் மிளகுக் கொடி. வயது 46. எங்கள் தோட்டத்தில் பறிப்பு முடிந்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஆளாகப் போவேன். காப்பிப் பறிப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இடது கையை மேலே நீட்டிக் கிளையைப் பிடித்து, ஒடிந்துவிடாமல் நெஞ்சுக்கு நேராக வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், வலது கை அதில் சிவந்த பழமாகப் பார்த்துப் பறிக்கும், பறித்ததும் கிளையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். பழம் பறிப்பது வலது கை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள், ஆனால் ராத்திரி படுத்தால் வலிப்பது இடது கை.

எனக்குக் கட்டி வந்தது இடது மார்பில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம், கீமோ எல்லாம் முடிந்த பிறகு, மார்பை எடுத்து, கக்கத்தில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, அதே மேசையில் என் முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து புது மார்பு வைத்துத் தைத்தீர்கள். எல்.டி. ஃப்ளாப் என்று சொன்னீர்கள். வைத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மடலைப் படித்துவிட்டு 'அதான் அப்பவே சொன்னோம், உனக்கு எதுக்கு இது' என்று கிளம்ப எங்கள் சொந்தத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். மகன் காலேஜ் போகிறான், இந்த வயசில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார்கள். நான் பார்ப்பேன். அவ்வளவுதான் என் பதில்.

என் சண்டை வேறு. அறுவைக்கு முந்தின நாள் என் முதுகில் நீல மார்க்கரால் நீளமாக ஒரு மாவிலை மாதிரி வரைந்தீர்கள். வரைந்துகொண்டே சொன்னீர்கள், 'இது ஒரு தசைதாம்மா, இது இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாது, மத்த தசையெல்லாம் பாத்துக்கும்.' நானும் நம்பித் தலையாட்டினேன்.

என் அண்ணன் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். அவள்தான் ரொம்ப நாள் கழித்துப் பாடப்புத்தகத்தைத் திறந்து காட்டினாள். லாட்டிசிமஸ் டார்சை. முதுகிலேயே அகலமான தசை அது. கீழ் முதுகெலும்பிலிருந்தும் இடுப்பெலும்பின் ஓரத்திலிருந்தும் விசிறி மாதிரி விரிந்து வந்து, கக்கத்துக்கிட்டே குறுகி முறுக்கிக்கொண்டு மேல்கை எலும்பில் போய் ஒட்டுகிறது. அதன் வேலை என்ன என்று கேட்டேன். தூக்கிய கையைக் கீழே இழுப்பது, பின்னால் கொண்டுபோவது, உடம்போடு சேர்த்து அணைப்பது என்றாள். மரம் ஏறுகிறவர்களுக்கும் நீச்சல் அடிக்கிறவர்களுக்கும் இதுதான் முக்கியம் என்றும் சொன்னாள். தூக்கிய கையைக் கீழே இழுப்பது என்ற வரியை அவளைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அது காப்பிக் கிளையை வளைப்பதுதானே! கையை உடம்போடு அணைப்பது என்றால் கூடையை இடுக்கிக்கொண்டு சரிவில் இறங்குவது. ஏணியில் உடம்பை மேலே இழுப்பதும், களத்தில் தரையில் உட்கார்ந்து பழம் தரம் பிரித்துவிட்டுக் கையை ஊன்றி எழுந்திருப்பதும்கூட இதே தசையின் வேலைதான்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே டீரீஸ் மேஜர் என்று ஒரு சின்னத் தசை இருக்கிறது, இதன் வேலையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும், பெரும்பாலான பெண்களுக்கு ஒரு வருஷத்துக்குள் வீட்டு வேலைக்கு வேண்டிய அளவு கை திரும்பிவிடும் என்று அவளும் சொன்னாள். ஆனால் இழுக்கும் பலம் சிலருக்குக் குறைந்தபடியே நின்றுவிடும் என்பதும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒன்றும் ஆகாது என்று நீங்கள் சொன்னது யாருக்கு? மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். என் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன், தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ் வைஃப்' என்று இருக்கிறது. யாரும் என்னைக் கேட்டு எழுதவில்லை, பார்த்த மாத்திரத்தில் எழுதியது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வயிற்றுச் சதையில் செய்யலாம், சிலிக்கான் பை வைக்கலாம், அதற்கெல்லாம் வேறு தொல்லைகள் உண்டு, எனக்கு எது ஒத்துவரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், கடைசியில் முதுகுத் தசைதான் சரி என்று முடிவாகியிருந்தாலும் நான் சம்மதித்திருப்பேன். தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

சரி, அறுவை முடிந்தது. நெஞ்சில் ஒரு குழாய், முதுகில் ஒரு குழாய். ஒரு நர்ஸ் 'கையை அசைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்' என்றார். அடுத்த ஷிஃப்டில் வந்தவர் 'ஏன் கையை இப்படி மடக்கியே வெச்சிருக்கீங்க' என்று திட்டினார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த காகிதத்தில் மாத்திரை பெயர் இருந்தது, கட்டு மாற்றும் தேதி இருந்தது, தோளைப் பற்றி ஒரு வரி கிடையாது. குழாயை எடுத்த பிறகு முதுகில் நீர் கோத்துக்கொண்டது, மூன்று தடவை ஊசி போட்டு எடுத்தீர்கள், அது பலருக்கும் வருவதுதான் என்றீர்கள், நல்லபடியாகவே பார்த்தீர்கள். ஆனால் அந்த மூன்று தடவையும் சட்டையைக் கழற்ற என் கை மேலே வராமல் நாத்தனார் உதவியது உங்கள் கண்ணெதிரேதான் நடந்தது. புது மார்பின் நிறத்தைப் பார்த்தீர்கள், தையலைப் பார்த்தீர்கள், மாணவர்களைக் கூப்பிட்டு 'ஷேப் நல்லா வந்திருக்கு' என்று காட்டினீர்கள். 'கையைத் தூக்கும்மா' என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

தூக்கச் சொன்னது கதிர்வீச்சு அறையில்தான். அங்கே கையைத் தலைக்கு மேலே ஒரு பலகையில் வைத்து அசையாமல் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் கதிர் கையில் படும். என் கை தோள் மட்டத்துக்கு மேல் வரவில்லை. கக்கத்திலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் நரம்புக் கயிறு மாதிரி ஒன்று விண்ணென்று இழுத்தது. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, 'கை வந்ததும் வாங்க' என்று திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள். புற்றுநோய்க்கான சிகிச்சையே தோளுக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்தது. தோள் பயிற்சியைக் கூடுதல் வசதி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். புதன்கிழமை அறை என்று ஒன்று இருப்பதையே அங்கிருந்த டெக்னீஷியன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் கட்டிடத்திலேயே, நான் கட்டு மாற்றிய அறைக்கு நேர் மேலே!

அந்தத் தங்கச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, 'என்ன வேலைங்கக்கா பாக்கறீங்க?' என்பது. சொன்னேன். பிளாஸ்டிக் கோண அளவியை என் தோளில் வைத்துப் பார்த்து 95 டிகிரி என்று எழுதினாள், முழுசாகத் தூக்கினால் 180 பக்கம் வர வேண்டுமாம். கக்கத்தில் இழுத்த கயிற்றுக்கு ஒரு பெயர் சொன்னாள், கணுக்களை எடுத்த பிறகு சிலருக்கு வரும், பயப்பட வேண்டியதில்லை, நீட்டி நீட்டிப் பழகினால் போய்விடும் என்றாள். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் உயரமாகக் கட்டி என் கையில் கொடுத்து, 'இதுதான் உங்க கிளை, நெஞ்சுக்கு இழுங்க' என்றாள். இழுத்தேன். இழுத்ததும் புது மார்பு ஒரு துள்ளு துள்ளியது. பதறி விட்டுவிட்டேன், தையல்தான் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டாள். தசையை இடம் மாற்றினார்களே தவிர அதன் நரம்பை வெட்டவில்லை, கையை இழுக்கும்போதெல்லாம் அது பழைய ஞாபகத்தில் சுருங்கும் என்று விளக்கினாள். பாவம், அதற்குத் தான் முதுகில் இல்லை என்பதே தெரியாது. இதையும் நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், எத்தனை பெண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தார்களோ.

பதினாலு புதன்கிழமைகள் வந்தேன். ஒரு புதன்கிழமை வந்தால் எனக்கு ஒரு நாள் கூலி போகும், அதோடு பஸ் காசு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் இடது கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல், வலது கை கம்பிக்கு எட்டும்படியான சீட்டாகப் பார்த்து உட்காருவேன். நடத்துனருக்கே பழகிப்போய் அந்த சீட்டில் இருப்பவரை எழுப்பிவிடுவார். பத்தாவது பதினோராவது வாரத்தில் ஒரு நாள் உட்கார இடமில்லை, இடது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவாரம் வரைக்கும் நின்றே வந்தேன். மார்பு வளைவுக்கு வளைவு துள்ளியது, துள்ளிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அளந்தபோது 150. கடைசியாக அளந்தது 165.

அந்த அறையில் யார் யார் இருந்தோம் தெரியுமா? அம்மாப்பேட்டையிலிருந்து கைத்தறி நெய்கிற ஒரு அம்மா, கயிற்றை இழுத்து நாடாவை ஓட்ட முடியாமல் வந்தவர். செவ்வாப்பேட்டைப் பட்டறை ஒன்றில் கொலுசு வேலை செய்யும் அக்கா, கையை ஊன்றாமல் அந்தரத்தில் பிடித்துச் செய்கிற வேலை. கரும்பலகையின் மேல் வரிக்குக் கை எட்டாத ஒரு டீச்சர். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பயிற்சி, தறிக்காரம்மாவுக்குக் கொடுத்ததை எனக்குக் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் முழுசாகச் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே முதல் வருஷம் பறிப்பு முழுக்கப் போனது, போன வருஷம் பாதிதான் பறிக்க முடிந்தது. மிளகுக்கு ஏணி ஏறுவதை விட்டாயிற்று, அதற்கு ஆள் வைக்கிறேன். ஆனால் அந்தப் பாதி எனக்கு அந்த அறையில்தான் கிடைத்தது.

இனி தாள். ஒரு பக்கம். முழுக்க இங்கிலீஷ். நாலு படம், நாலிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஜிம்மில் நிற்கிறார். முதுகுத் தசை எடுத்தவருக்கும், சிலிக்கான் பை வைத்தவருக்கும், மார்பை மட்டும் எடுத்தவருக்கும் ஒரே தாள். எந்த வாரத்தில் எது என்று இல்லை. கடைசி வரி, பாதிக்கப்பட்ட கையால் கனமான பொருளைத் தூக்க வேண்டாம் என்பது. கனம் என்றால் எத்தனை கிலோ? எத்தனை மாதத்துக்கு? ஆயுசுக்குமா? கணுக்களை எடுத்த கை வீங்கிவிடும் என்ற பயத்தில் சொல்வது புரிகிறது. ஆனால் ஏற்கனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2009-லேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்துவிட்டது, மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, கை பலம்தான் கூடியது. தூக்காதே என்று மொட்டையாகச் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் ஒன்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு கிடப்போம், இல்லை சோற்றுக்காக ஒரே நாளில் இருபது கிலோ மூட்டையைத் தூக்குவோம். இரண்டுமே தப்பு.

தாளே போதுமா என்பதையும் ஆய்ந்து பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 17 மருத்துவமனைகளில் 392 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான தாள் மட்டும், மறுபாதிக்குத் தாளோடு பிசியோ நேரில் சொல்லித்தரும் பயிற்சி. ப்ராஸ்பர் என்று பெயர், 2021-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பயிற்சி பெற்றவர்களின் கைதான் நன்றாக வேலை செய்தது. அந்த ஆய்வில் உடனடியாகப் புது மார்பு வைத்துக்கொண்டவர்களைச் சேர்க்கவில்லையே என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மைதான், அண்ணன் மகளும் அதைத்தான் முதலில் சொன்னாள். அப்படியென்றால் என் கேள்வி இது. முதுகுத் தசையை இழக்காத பெண்களுக்கே தாள் மட்டும் போதவில்லை என்றால், இழந்த எங்களுக்கு எப்படிப் போதும்?

இந்த மடலை எழுத வைத்தது வேறு ஒரு விஷயம். அன்றைக்கு வரவேற்பில் என் பக்கத்தில் ஒரு பெண் அதே தாளோடு நின்றாள், முப்பத்தைந்து வயசு இருக்கும், அறுவை முடிந்து மூன்று வாரமாம். இடது முழங்கையை விலாவோடு ஒட்டி வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள், அச்சு அசல் அன்றைக்கு நான் நின்ற மாதிரி. 'அக்கா, இதுல என்ன போட்டிருக்குங்க?' என்றாள். பெஞ்சில் உட்காரவைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். கையைத் தூக்கச் சொன்னதும் அவள் முகம் சுளித்தது, எனக்குக் குலை நடுங்கிவிட்டது. அவளுக்கு என்ன அறுவை, குழாய் எடுத்தாயிற்றா, முதுகில் நீர் இருக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் காப்பி பறிக்கிறவள். அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டது நீங்கள்.

ஆகையால் கேட்கிறேன். புதன்கிழமை அறையைத் திறந்து, அதே தங்கச்சியையோ வேறொரு பிசியோவையோ வாரத்தில் அரை நாளாவது அங்கே உட்கார வையுங்கள். ஆள் பற்றவில்லை என்பதை நம்புகிறேன், முழு நாள் கேட்கவில்லை. அறுவைக்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் கை என்ன வேலை செய்கிறது என்று கேட்டு எழுதுங்கள், 'ஹவுஸ் வைஃப்' என்று நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்தத் தசையை எடுக்கிறீர்கள், அதனால் எந்த வேலை கடினமாகும், வேறு என்ன வழி இருக்கிறது என்று தமிழில், வீட்டு ஆட்கள் எதிரில் சொல்லுங்கள். மார்பு துள்ளும் என்பதையும் சேர்த்து. தோளின் கோணத்தையும் கையின் பலத்தையும் அறுவைக்கு முன்பு ஒரு தடவை அளந்து, அப்புறம் கதிர்வீச்சுக்கு முன்பும், மூன்றாம் மாதமும், ஒரு வருஷத்திலும் அளந்து கேஸ் ஷீட்டில் ஏற்றுங்கள். கை எந்தெந்த வேலைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்கும் டாஷ் என்று 30 கேள்வி உள்ள படிவம் இருக்கிறதாமே, அதையும் வாயால் கேட்டு நிரப்பலாம், பத்து நிமிஷ வேலை. வீட்டுக்கு அனுப்பும் காகிதத்திலேயே பிசியோவைப் பார்க்க வேண்டிய தேதியை எழுதுங்கள். தாள் கொடுப்பதானால் தமிழில் கொடுங்கள், எந்த அறுவைக்கு எது, எந்த வாரம் எத்தனை கிலோ என்று போட்டு.

மலையிலிருந்தும் தூரத்து ஊர்களிலிருந்தும் வாராவாரம் வர முடியாதவர்களின் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு எழுதிக் கொடுங்கள். 2021-லிருந்து அதில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி இருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு வருகிறவர்கள் எங்களுக்கும் வரட்டும், என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு மட்டும் உங்களிடமிருந்து போக வேண்டும்.

இதற்குப் பதிலை எழுத்தில் கொடுங்கள், அதையும் அந்தக் கதவிலேயே ஒட்டுங்கள். அட்டைப்பெட்டிகளை எடுத்துவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதாக இருந்தால், பென்சில் கோடு இருக்கும் இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். கார்த்திகையில் பறிப்பு ஆரம்பித்துவிடும், அப்புறம் தை வரைக்கும் என்னால் கீழே இறங்கி வர முடியாது. அதற்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் அறுவை செய்துகொண்ட நாகலூர்க்காரி